சிறப்பு விருந்தினருக்கு எத்தனை நிமிடம்?

ஜூலை பிறந்தால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னொரு புத்தாண்டு பிறக்கிறது. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கி அடுத்த ஜூன் 30-ஆம் தேதி முடியும். அதுவரை தலைவராக இருந்தவர் முன்னாள் தலைவர் ஆவார். புதியவர் கழுத்தில் பதவிப் பட்டை ஏறும். பணியேற்பு விழாக்கள் பல ஆடி மாதத்தில் வந்து விழும். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபமும் சமையல்காரரும் சுலபமாகக் கிடைப்பார்கள்.

அழைப்பிதழைக் கையில் வாங்கினாலே அந்த உலகம் பிடிபட்டுவிடும். வழவழப்பான கெட்டி அட்டை, மேலே சங்கத்தின் சின்னம், அதற்குக் கீழே சங்கத்தின் மாவட்ட ஆளுநரின் படம். உள்ளே திறந்தால் பெயருக்கு முன்னால் ‘ரொட்டேரியன்’ அல்லது லயன்ஸ்காரரைக் குறிக்கும் ‘அரிமா’, பெயருக்குப் பின்னால் எம்.ஜே.எஃப்., பி.எச்.எஃப். என்று எழுத்துகள். முதலாவது லயன்ஸ் நிறுவனர் மெல்வின் ஜோன்ஸ் பெயராலும் இரண்டாவது ரோட்டரி நிறுவனர் பால் ஹாரிஸ் பெயராலும் வழங்கப்படும் சிறப்பு. அந்தந்த அமைப்பின் அறக்கட்டளைக்கு 1,000 டாலர் கொடுத்தவருக்கோ, யார் பெயரில் அது கொடுக்கப்பட்டதோ அவருக்கோ கிடைப்பது. வரவேற்பவர், முன்னிலை வகிப்பவர், பணியில் அமர்த்துபவர், வாழ்த்துபவர்கள் என வரிசை நீளும். கடைசிப் பக்கத்தில், ‘இரவு விருந்து உண்டு, குடும்பத்துடன் வருக’ என்ற வரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு பெயர் இருக்கும். அவர்தான் சிறப்பு விருந்தினர்.

அந்த ஒருவரை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு சங்கத்தின் தரத்தைச் சொல்லிவிடலாம். நூறாண்டு வரலாறு அதற்குச் சாட்சி.

மண்டபத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்க்கலாம். இரும்புக்கடை முதலாளி, அரிசி ஆலைக்காரர், பல் மருத்துவர், ஆடிட்டர், மெட்ரிக் பள்ளித் தாளாளர், எல்.ஐ.சி. முகவர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வட்டத் தலைநகர் ஒன்றில் இத்தனை தொழில்காரர்கள் சாதி, கட்சி, கோயில் திருவிழா எதையும் முன்னிட்டு அல்லாமல் ஒரே அறையில் கூடும் இடம் வேறு அதிகம் இல்லை. இவர்களில் ஒருவருக்கு லாரி இருக்கிறது, ஒருவருக்குப் பள்ளிக்கூடக் கட்டடம் இருக்கிறது, ஒருவருக்கு நகராட்சி ஆணையரிடம் பழக்கம் இருக்கிறது. நாலு போன் போட்டால் ஊரில் ஒரு காரியம் நடந்துவிடும். எந்தக் காரியம் என்று சொல்லத்தான் வெளியிலிருந்து ஒருவர் வேண்டும்.

ஆனால் வழக்கமான கூட்டத்தில் நடப்பது இது. ஆறரைக்குத் தொடங்கும் என்று போட்டிருந்த கூட்டம் ஏழரைக்கு மணி அடித்துத் தொடங்கும். தலைவர் மேசை மேல் அந்த வெண்கல மணி எப்போதும் இருக்கும்; அதைத் தட்டினால்தான் கூட்டம் தொடங்கியதாகவும் முடிந்ததாகவும் பொருள். தமிழ்த்தாய் வாழ்த்து, இறைவணக்கம், வரவேற்புரை, செயலாளர் அறிக்கை, பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்துகள். புதிய உறுப்பினர்களுக்குச் சட்டையில் சங்கச் சின்னம் குத்துவார்கள். பிறகு பொன்னாடைகள். மேடையில் பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து பேருக்கும் ஒவ்வொரு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படம். அரிமா சங்கங்களில் ‘டெய்ல் ட்விஸ்டர்’ என்றே ஒரு பதவி உண்டு. தாமதமாக வந்தவருக்கும் சின்னம் அணியாமல் வந்தவருக்கும் வேடிக்கையாக அபராதம் போட்டு, கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பது அவர் வேலை. எல்லாம் முடிந்து சிறப்பு விருந்தினர் பெயரைச் சொல்லும்போது ஒன்பது மணி தாண்டியிருக்கும். பந்திக் கூடத்திலிருந்து வாசனை வந்துவிடும். குழந்தைகள் தூங்கத் தொடங்கியிருப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் மெல்லக் குனிந்து விருந்தினர் காதில் சொல்வார்: “சார், கொஞ்சம் லேட் ஆயிடுச்சு. ஒரு பத்து நிமிஷத்துல முடிச்சுக்கிட்டா நல்லாருக்கும் சார்.”

நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்த மனிதர், கையில் வைத்திருந்த குறிப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு நகைச்சுவை, ஒரு குட்டிக்கதை, ஒரு குறள் என்று முடித்துக்கொள்வார். கை தட்டுவார்கள். நினைவுப் பரிசு கொடுப்பார்கள். நன்றியுரை, நாட்டுப்பண், சாப்பாடு. அவர் உண்மையில் சொல்ல வந்தது அவரோடு திரும்பிப் போய்விடும்.

இந்தச் சங்கங்கள் இதற்காகப் பிறந்தவை அல்ல.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்த வழக்கறிஞர் பால் ஹாரிஸ், பிழைப்புக்காகச் சிகாகோ வந்தார். தொழில் நன்றாக நடந்தது. ஆனால் தெருவில் போகிற எல்லாரையும் தெரிந்து வைத்திருந்த ஊர்க்காரருக்கு, யாரும் யாரையும் கண்டுகொள்ளாத பெருநகரம் ஒட்டவில்லை. 1905 பிப்ரவரி 23 அன்று மாலை, யூனிட்டி பில்டிங் என்ற கட்டடத்தில் 711-ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். ஹாரிஸைத் தவிர ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையல் கடை வைத்திருந்தவர். கூட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுற்று முறையில் வைத்துக்கொண்டதால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது தொடக்க கால விதி. ஆக, இது பெருநகரத்தில் உட்கார்ந்துகொண்டு சின்ன ஊருக்காக ஏங்கியவர்கள் ஏற்படுத்திய அமைப்பு. சின்ன ஊர்களில் அது இவ்வளவு நன்றாக வேர் பிடித்ததில் வியப்பில்லை.

முதலில் அது நட்புக்கும் வியாபாரத்துக்கும் கூடிய கூட்டமாகத்தான் இருந்தது. ஊருக்கு என்று அவர்கள் செய்த முதல் காரியம், சிகாகோவின் நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பொதுக் கழிப்பறை வரப் பாடுபட்டது. 1907-இல் அந்த முயற்சி தொடங்கியது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குக் கழிப்பறை கட்டித் தரும் சங்கங்கள், தெரிந்தோ தெரியாமலோ அந்த முதல் பணியைத்தான் தொடர்கின்றன.

இந்தியாவில் முதல் ரோட்டரி சங்கம் கல்கத்தாவில் 1919-இல் கூடி, 1920 ஜனவரி 1 அன்று சாசனம் பெற்றது. சென்னைக்கு 1929-இல் வந்தது. அந்தக் கல்கத்தா சங்கத்தைச் சேர்ந்த நிதிஷ் லாஹரி 1962-இல் உலக ரோட்டரியின் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர் அவர். லயன்ஸ் பிறந்ததும் சிகாகோவில்தான். காப்பீட்டுத் தொழில் செய்துகொண்டிருந்த மெல்வின் ஜோன்ஸ், வியாபாரிகள் தங்கள் லாபத்தைத் தாண்டி ஊருக்காகவும் உழைக்க வேண்டும் என்று வற்புறுத்தி, 1917-இல் பல ஊர்ச் சங்கங்களை ஒன்று சேர்த்தார். இந்தியாவுக்கு அது 1956-இல் பம்பாய் வழியாக வந்தது.

லயன்ஸ் தொடங்கிய எட்டாவது ஆண்டில் அதன் மேடைக்கு ஒரு விருந்தினர் வந்தார். சேவைச் சங்கங்களின் வரலாற்றில் அதைவிடப் பலன் தந்த விருந்தினர் உரை இன்னொன்று இருக்க முடியாது.

1925 ஜூன் 30. ஓஹியோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயின்ட்டில் லயன்ஸ் மாநாடு. பேச வந்தவர் ஹெலன் கெல்லர். மூன்று நாள் முன்புதான் அவருக்கு 45 வயது நிறைந்திருந்தது. குழந்தைப் பருவத்திலேயே பார்வையையும் செவியையும் இழந்து, பேசக் கற்று, கல்லூரியில் பட்டம் பெற்று, உலகம் அறிந்த எழுத்தாளராக ஆகியிருந்தார். பார்வையற்றோருக்கான அமெரிக்க அறக்கட்டளை தொடங்கி நாலு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதற்காக அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம்.

அந்த உரையை இன்று எடுத்து வாசித்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் அமைப்பைக் கவனிக்க வேண்டும். வாய்ப்பு என்பது ஒவ்வொரு வாசலையும் ஒரே ஒரு முறை தட்டும் என்ற கதையோடு தொடங்கினார். உங்கள் வாசலைத் தட்டும் அந்த வாய்ப்பு நான்தான் என்றார். தன் வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். பிறகு நேராகக் கேட்டார். தடுக்கக்கூடிய பார்வையின்மையை ஒழிக்கவும், பார்வையற்ற ஒரு குழந்தையும் படிப்பில்லாமல் போகாதபடி பார்த்துக்கொள்ளவும் நீங்கள் துணை வர வேண்டும். இருளை எதிர்த்துப் போரிடும் வீரர்களாக நீங்கள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். சேவையின் சிறப்பைப் பற்றிப் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. யாருக்காக, எதை, யார் செய்ய வேண்டும் என்பது மட்டுமே இருந்தது.

லயன்ஸ் அந்த வேண்டுகோளை ஏற்றுக்கொண்டது. நூறு ஆண்டுக்குப் பிறகும் அரிமா சங்கம் என்றால் கண் சிகிச்சை முகாம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்வதற்குக் காரணம் அந்த ஐந்தாறு நிமிடம்தான்.

மேடையில் விழுந்த விதை உள்ளூரில் எப்படி முளைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1930-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் அரிமா சங்கத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் பானம். பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கச் சிரமப்படுவதை அவர் பார்த்தார். அந்த மனிதர் கையில் கறுப்புக் கைத்தடி இருந்தது; கறுப்புச் சாலையில் கறுப்புத் தடி வண்டிக்காரர்கள் கண்ணில் படவில்லை. தடிக்கு வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாம் என்று பானம் சங்கத்தில் யோசனை சொன்னார். உறுப்பினர்கள் அப்படியே செய்து கொடுத்தார்கள். வெள்ளைத் தடியோடு வருபவருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று அந்த நகர மன்றமும் விதி செய்தது. ஒரு டப்பா பெயின்டும் கண்ணைத் திறந்து தெருவைப் பார்க்கும் பழக்கமும் மட்டுமே அதற்குத் தேவைப்பட்டன. ஐரோப்பாவில் வேறு சிலரும் இதே யோசனையை முன்னெடுத்தார்கள் என்றாலும், அமெரிக்காவில் வெள்ளைத் தடி பரவியதற்கு இந்த உள்ளூர்ச் சங்கம் ஒரு முக்கியக் காரணம்.

ஹெலன் கெல்லர் பேசிய அதே 1925-இல், ஆகஸ்ட் மாதம், கல்கத்தா ரோட்டரி சங்கத்தில் ஒரு விருந்தினர் பேசினார். காந்தி. பொருள்: கைராட்டை. கேட்டவர்கள் நகரத்தின் பெரிய வியாபாரிகளும் தொழில்காரர்களும். அவர்களிடம் போய் நூல் நூற்பதன் பொருளாதாரத்தைப் பேசியிருக்கிறார். தன்னோடு உடன்படுபவர்கள் மட்டும் இருக்கும் மேடையைத் தேடாமல், வேறு கண்ணோட்டம் உள்ளவர்கள் நடுவே போய்ப் பேசும் விருந்தினர். தங்களுக்குப் பழக்கமில்லாத பொருளைக் கேட்க நேரம் ஒதுக்கிய சங்கம். இரண்டு பேரிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது.

ஈரி ஏரிக்கரையில் கேட்ட வேண்டுகோள் மதுரை வரை வந்த கதைக்கு வரலாம்.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கண் அறுவை சிகிச்சை கற்றவர். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை நோயாளிகள் மருத்துவமனையைத் தேடி வர மாட்டார்கள், மருத்துவமனைதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பஸ் காசும், துணைக்கு வர ஆளும், போனால் கூலி போகுமே என்ற கவலையும்தான் பார்வைக் குறைவைவிடப் பெரிய தடைகள் என்று அவருக்குத் தெரியும். அந்தத் தடைகளை உள்ளூர் ஆட்கள் இல்லாமல் தாண்ட முடியாது. ஊர்ச் சங்கங்கள் அங்கேதான் உள்ளே வருகின்றன.

முகாம் நடக்கும் முறை எளிமையானது, ஆனால் ஒவ்வொரு கண்ணியும் முக்கியம். மருத்துவரும் கருவியும் மருத்துவமனையின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பள்ளிக்கூடம் பிடிப்பது, மேசை நாற்காலி, குடிநீர், நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுக் கிராமமெல்லாம் சொல்லி வருவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. காலையில் பெயர் பதிந்து, பார்வை பார்த்து, கண் அழுத்தமும் சர்க்கரையும் சோதித்து, புரை முற்றியவர்களைப் பிரித்து அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அறுவை சிகிச்சை, உள்ளே பொருத்தும் லென்ஸ், தங்கல், சாப்பாடு, திரும்பி வரும் பயணம் எல்லாம் இலவசம். பாட்டிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பாட்டியும் அதே பஸ்ஸில் இருப்பதால் பயம் பாதி குறைந்துவிடும்.

லயன்ஸ் உலக அமைப்பு 1990-இல் சைட்ஃபர்ஸ்ட் என்ற பார்வைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் உதவியோடு 1992-இல் அரவிந்த் வளாகத்தில் சமுதாயக் கண் மருத்துவத்துக்கான லயன்ஸ் அரவிந்த் நிறுவனம் எழுந்தது. மதுரை முறையைக் கற்றுக்கொள்ள மற்ற நாட்டு மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் அங்கே வருகிறார்கள். அதே 1992-இல்தான் அரவிந்தின் துணை நிறுவனமான ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து கொள்ளை விலைக்கு வந்துகொண்டிருந்த கண் லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியது. சீடர் பாயின்ட் மேடைக்கும் மதுரையின் அந்த நிறுவனத்துக்கும் நடுவே 67 ஆண்டும் இரண்டு கண்டமும் இருக்கின்றன. ஆனாலும் நூல் அறுபடவில்லை.

கண் தானம் பற்றிப் பேச வரும் மருத்துவர் இத்தகைய கூட்டங்களுக்கு மிகப் பொருத்தமான விருந்தினர். அவர் சொல்லும் விஷயம் சின்னது. கேட்டவர் மறக்காமல் இருந்தால் ஊருக்கு உடனே பயன்படும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். தலைக்கு உயரமாகத் தலையணை கொடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். மருத்துவக் குழு வீட்டுக்கே வரும், இருபது நிமிடத்துக்குள் வேலை முடியும், முகம் விகாரமாகாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை அறுவை செய்துகொண்டவர் யாரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் போன்ற சில தொற்றுகளால் இறந்தவர்களுடையதை மட்டும் எடுக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கும்போது எழுதிக் கொடுக்காவிட்டாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். ஒருவர் கொடுக்கும் கருவிழிகள் இரண்டு பேருக்குப் பார்வை தரலாம்.

இத்தனையையும் சொல்லப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதற்கு அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியமானது. சாவு வீட்டில் யார் போய்க் கேட்பது? மருத்துவமனை ஊழியர் கேட்டால் கோபம் வரலாம். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும், அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் வந்து நிற்கிற மனிதர் கேட்டால் வராது. பல சிற்றூர்களில் அரிமா சங்கத்துக்காரர் ஒருவர் இந்த வேலையைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டிருப்பார். மாலை வாங்கிக்கொண்டு போவார், மூத்த மகனைத் தனியே அழைத்துத் தோளில் கை வைத்து, “அம்மா கண்ணைத் தானமா குடுக்கலாமா தம்பி? நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்பார். அப்படி ஒருவர் கிடைப்பதற்காகத்தான் அந்த மருத்துவரைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். அவருக்குப் பொன்னாடை போட்டுவிட்டு நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்தால், அந்த மனிதர் ஊரில் உருவாகவே மாட்டார்.

ரோட்டரியின் போலியோ பணியும் இப்படி ஒரு தெளிவான இலக்கிலிருந்து வளர்ந்ததுதான். 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஏறக்குறைய 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தில் அது இறங்கியது. 1985-இல் உலகம் முழுவதற்குமாகப் போலியோபிளஸ் தொடங்கியது. 12 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்னார்கள்; 1988-க்குள் 24.7 கோடி டாலர் சேர்ந்தது. இந்தியாவில் 1995-இல் தேசிய சொட்டு மருந்து நாட்கள் தொடங்கியபோது, பேருந்து நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்தவர்களில் ஊர் ரோட்டரி உறுப்பினர்கள் இருந்தார்கள். 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. பணமும் அரசும் மருத்துவர்களும் செய்த பெரும் வேலைதான் அது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு ஆள் வர வேண்டுமே, அந்த ஆளை வர வைத்தது யாரோ ஒரு கூட்டத்தில் வந்து சொன்ன சொல்தான்.

பெண்கள் இந்தச் சங்கங்களுக்குள் வர வெகுகாலம் ஆனது. ஹெலன் கெல்லரின் பேச்சைக் கேட்டுத் தன் பாதையையே அமைத்துக்கொண்ட லயன்ஸ், 1987-இல்தான் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டி என்ற ஊர் ரோட்டரி சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக 1978-இல் நீக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் அந்த ஊர்ச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. 1989-இல் ரோட்டரி தன் விதியையே மாற்றியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உறுப்பினர்களின் மனைவியரை இன்றும் ‘ஆன்ஸ்’ என்று தனி வரிசையில் உட்கார வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த வரிசையில் ஆசிரியரும் மருத்துவரும் கடை நடத்துபவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்தினர் வைக்கும் வேண்டுகோள் அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று மேடையில் இருப்பவர்கள் உணர்ந்தால் கூட்டத்தின் பலம் இரட்டிப்பாகும்.

விருந்தினர் நேரத்தை மீட்பது பெரிய காரியம் இல்லை. அதைச் செய்து காட்டும் சங்கங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் பொன்னாடையை மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு மேடைக்குக் கீழேயே கை குவிப்பு. பிறந்தநாள் வாழ்த்தைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். விருந்தினர் அறிமுகத்தை மூன்று வரியில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஏனென்றால் அவர் வாங்கிய விருதுகளைப் படிக்கும் ஐந்து நிமிடம் அவர் பேச வேண்டிய ஐந்து நிமிடம். கூட்டம் தொடங்கிய அரை மணிக்குள் அவரைப் பேச விடுகிறார்கள். அப்போது எல்லார் முகமும் தெளிவாக இருக்கும், பசியும் வந்திருக்காது.

அதைவிடப் பயனுள்ள பழக்கம் இன்னொன்று. விருந்தினரை அழைக்கும்போதே, எங்கள் ஊரில் இத்தனை உறுப்பினர் இருக்கிறோம், இன்னின்ன தொழில் செய்கிறோம், நாங்கள் செய்யக்கூடிய ஒரு வேலையை நீங்களே எங்களிடம் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். இணைய மோசடியைப் பற்றிப் பேச வரும் காவல்துறை ஆய்வாளர் பொதுவாக எச்சரித்துவிட்டுப் போகாமல், பணம் போனவுடன் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லும் தாளை ஒவ்வொரு கடைக் கல்லாவிலும் ஒட்டுங்கள் என்கிறார். சிறுநீரக மருத்துவர், உங்கள் ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பாருங்கள் என்கிறார். தலைமையாசிரியை, பத்தாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளின் பட்டியலைக் கொடுத்து, வீட்டுக்கு இருவராகப் போய் ஒருமுறை பேசிப் பாருங்கள் என்கிறார். பேச்சு முடிந்ததும் கால் மணி நேரம் கேள்விக்கு ஒதுக்குகிறார்கள். முதல் கேள்வி கேட்கத் தயங்குவார்கள் என்று தெரிந்து, ஒரு மூத்த உறுப்பினரை முன்கூட்டியே தயார் செய்து வைக்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது, போன மாதம் விருந்தினர் கேட்டது என்ன, யார் யார் பெயர் கொடுத்தார்கள், எவ்வளவு நடந்தது என்பது அதில் முதல் பத்தியாக இருக்கிறது. கல்லாவில் தாள் ஒட்டிய கடைகள் இத்தனை, ரத்த அழுத்தம் பார்த்த தொழிலாளர்கள் இத்தனை பேர், திரும்பப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இரண்டு பேர். அந்த அறிக்கையின் ஒரு பிரதியைப் பேசிவிட்டுப் போனவருக்கும் தபாலில் அனுப்புகிறார்கள். அப்படி அனுப்பிய சங்கம் அடுத்த ஆண்டு கூப்பிட்டால், எவ்வளவு வேலை இருந்தாலும் அவர் மறுபடி வருகிறார்.